கழுவிவிட்ட வீடு

தலையணையைத் தூக்கியதும் கை கனத்தது.

இலவம்பஞ்சு என்று சொல்லித்தான் வாங்கியது. பஞ்சு எப்போதோ மண்கட்டி மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய்ப் பிசுக்கு. எச்சில் கறை. பையன் தலை வைத்த இடத்தில் ஒரு குழி.

குழியைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. வெளியே கொண்டுபோய்ப் போட்டாள்.

நேற்றுப் பகலில் பையனுக்கு மூச்சு இழுத்தது. ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். புருஷன் அங்கே கூட இருக்கிறான். வீட்டைச் சரிபண்ணு என்று இவளை அனுப்பிவிட்டான். இவள் கிளம்பும்வரை பையன் வாயில் ஒரு பருக்கை இறங்கவில்லை.

டாக்டரம்மா சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பழைய பஞ்சு ஆகாது. சாக்கு ஆகாது. கொசுவர்த்தி, சாம்பிராணி, கோலப்பொடி எதுவும் ஆகாது. விளக்குமாற்றால் கூட்டினால் தூசி பறக்கும், தண்ணீர் விட்டுக் கழுவு. இப்படியே போட்டு வைத்திருந்தால் திரும்பத் திரும்ப இங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடிவருவாய்.

பாயை எடுத்தாள். போர்வையை எடுத்தாள். பரணில் கிடந்த சாக்கு, பழந்துணி மூட்டை, கோலப்பொடி டப்பா.

கட்டிலைத் தனியாளாக இழுத்துத் தெருச்சுவரில் சாய்த்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று.

மடியில் வைத்துப் பீடி சுற்றும் சொளகு மிச்சமிருந்தது. புகையிலைத் தூளும் இலையும் அதில் அப்படியே கிடந்தன. டாக்டரம்மா அதைக் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. தூள் நெடியில் பெரியவர்களே தும்முவார்கள். பையன் அதன் பக்கத்தில்தான் தவழ்ந்து வளர்ந்தான்.

அதையும் வெளியே வைத்தாள். குப்பையில் போட முடியாது. சோறு அதில்தான்.

பிறகு தண்ணீர். தெருப் பைப்படிக்கும் வீட்டுக்குமாகக் குடத்தோடு நடந்தாள். சுவரில் ஊற்றினாள். மூலையில் ஊற்றினாள். தேங்காய்நார் வைத்துத் தேய்த்தாள். தண்ணீர் நிலைப்படி தாண்டி, கறுப்பாகத் தெருவில் இறங்கி, சாக்கடைக்கு ஓடியது.

எதிர்த்த சலூனில் பாட்டு நின்றது.

கரண்டு போய்விட்டது என்று நினைத்தாள்.

தலையணையையும் பாயையும் சுருட்டிக்கொண்டு தெருமுக்குக் குப்பைத்தொட்டிக்குப் போனாள். பைப்படியில் நின்ற பொம்பளைகள் குடத்தை நகர்த்தி வழிவிட்டார்கள். ஒருத்தி தன் பிள்ளையை இழுத்துச் சேலைக்குள் அணைத்துக்கொண்டாள்.  இவள் நிற்காமல் நடந்தாள்.

திரும்பி வந்தபோது வாசலில் சொர்ணத்தாயி மதினி நின்றாள். அடுத்த வீடு. கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"ஆட்டோவுல உக்காந்துதானளா போனான்..."

"யாரு மதினி?"

மதினி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் இவள் தெருவில் நின்று தன் வீட்டைப் பார்த்தாள்.

சாய்த்துவைத்த கட்டில். ஈரம் சொட்டும் நிலைப்படி. கோலம் இல்லாத வெறும் வாசல்.

மாமனாரைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன கையோடு இதே வீட்டை இதே மாதிரி இவள்தான் கழுவிவிட்டாள்.

 சத்தம் பெரிதாக வந்தது.

"வாயக் கழுவுங்க மதினி. எம்புள்ள நாளைக்கு வாரான்."

"நான் என்னத்தக் கண்டேன்? ஒருத்தர் ஊருக்குப் போனாலே அன்னைக்கு வீடு கூட்ட மாட்டோம். நீ புள்ளயத் தூக்கிட்டுப் போன மறுநாளே பாய வெளிய போட்டு, வீட்டயும் கழுவி விட்டிருக்க. பாக்கிறவ என்னளா நெனைப்பா?"

"தூசி ஆகாதாம் மதினி அவனுக்கு."

மதினி சொளகைப் பார்த்தாள். இவளைப் பார்த்தாள். முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"இனி எங்கூட்டுல வந்து பீடி சுத்து. எனக்கு என்ன, இழுக்கிறதுக்கு மூச்சா மிச்சமிருக்கு?"

சொளகை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சலூனில் இன்னும் பாட்டுப் போடவில்லை. பைப்படியில் குடம் நிரம்பி வழிந்தது. எல்லோரும் இந்த வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீடுவீடாகப் போய்ச் சொல்ல முடியாது.

வாசலோரக் குப்பையில் சேர்த்த கோலப்பொடி டப்பாவைக் கையில் எடுத்தாள். மூடியில் வெள்ளைத் தூள். திரும்ப அங்கேயே போட்டாள்.

அடுப்படியில் முந்தாநாள் ஆட்டிய இட்லி மாவு இருந்தது. புளித்துப் பொங்கி நின்றது. சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து வாசலில் குந்தினாள்.

விரலை முக்கி முக்கி இழுத்தாள். புள்ளி வைத்துப் போடும் பொறுமை இல்லை. கை போன போக்கில் ஒரு பூ. அதைச் சுற்றி இன்னொன்று. பொங்கலுக்குக்கூட அவ்வளவு பெரிதாகப் போட்டதில்லை. மத்தியான வெயிலில் யாரும் கோலம் போடுவதும் இல்லை. தெரு பார்த்தது. பார்க்கட்டும். சட்டி காலியாகி, வாசல் நிறையும்வரை இழுத்தாள்.

எதிரே பாட்டு கேட்டது.

அவளுக்கு அதற்கப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. கழுவிய நிலைப்படியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். ஈரம் சேலையில் ஏறியது.

உள்ளே போன் அடித்தது.

மாவுக் கையோடு ஓடினாள்.

"தூங்கி முழிச்சிட்டான்." புருஷனின் குரல். "மூச்சு நல்லா விடுதான். பசிக்காம். ரொட்டி வேண்டாமாம். நம்ம வீட்டு இட்லிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். மாவு இருக்குல்லா?"

அவள் வாசலைப் பார்த்தாள். ஓரத்துப் பூவில் எறும்பு ஏறியிருந்தது.

"இருக்கு" என்றாள்.