போதகருக்கு எதிராக ஒரு துண்டுப்பிரசுரம்

“அப்ப நீங்கள் வரமாட்டியள்?”

நவரட்ணம் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

“ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை, அண்ணை. ஆராதனையை விட்டிட்டு ஆர்ப்பாட்டத்துக்கு வர ஏலாது. முதல்லை கடவுள், பிறகுதான் மற்றதெல்லாம்,” என்றார் போதகர் றூபன்.

“நல்ல தண்ணிக் கிணத்துக்குப் பக்கத்திலை சுண்ணாம்புக் கல்லு வெட்டப் போறாங்கள். ஞாயிறு பின்னேரம் ஆறு மணியோடை அவங்கடை அனுமதி முடியுது. அதுக்குள்ளை மண் வெட்டுற பெக்கோவை இறக்கி ஒரு கிடங்கு வெட்டிட்டாங்கள் எண்டால் பிறகு நிப்பாட்டேலாது. கடல் தண்ணி உள்ளை ஊறி, ஊர் உப்புத் தண்ணிதான் குடிக்கும். ஞானஸ்நானத்துக்கும் உப்புத் தண்ணிதான், ஐயா.”

“நாங்கள் செபிக்கிறம்.”

“பெக்கோ செபத்துக்கு நிக்காது. டீசல் முடிஞ்சால்தான் நிக்கும்.”

போதகர் சிரித்தாரே தவிர அசையவில்லை.

முப்பது வருடத்தில் பதினான்கு போராட்டம், நான்கு வழக்கு, ஒரு உடைந்த விலா எலும்பு. அப்படிப்பட்ட மனிதரை ‘செபிக்கிறம்’ என்று சொல்லி அனுப்பினால் அவர் சும்மா இருப்பாரா? வீட்டுக்குப் போய்ப் பேனையை எடுத்தார்.

வியாழக்கிழமை ஊரெல்லாம் துண்டுப்பிரசுரம் பறந்தது. ‘பரலோகத்துக்கு வழி தெரிந்தவருக்குக் கிணற்றடிக்கு வழி தெரியவில்லை’ என்பது தலைப்பு. கோழை, கல்லு முதலாளியின் கையாள், வெள்ளை அங்கி போட்ட மௌனம் என்று இரண்டு பக்கமும் போதகருக்குத்தான் பூசை.

“உதுக்குப் பிறகு நான் எந்த முகத்தோடை கோயிலுக்குப் போறது?” என்று மனைவி நவமணி கேட்டாள். முப்பது வருடமாக அவர் போகாத கோயிலுக்கு அவள் ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

“அதே முகத்தோடை கிணத்தடிக்கு வா.”

“நான் கோயிலுக்குத்தான் போவன்.”

“போ. போய் உன்ரை கோழைப் போதகரிட்டைச் சொல்லு, அடுத்த பிரசுரம் இதைவிட மோசமா வரும் எண்டு.”

ஞாயிறு காலை ஏழு மணி. கிணற்றடி ஒழுங்கையின் முகப்பில் பதாகையோடு பதினொரு பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் பொலிஸ். பொலிஸுக்குப் பின்னால் மூன்று டிப்பரும் ஒரு பெக்கோவும்.

பொலிஸ் பொறுப்பதிகாரி நீதிமன்றக் கடதாசி ஒன்றை விரித்தார்.

“கோட்டு ஓடர், நவரட்ணம் ஐயா. நீங்களும் உங்களைச் சேர்ந்த ஆக்களும் இந்த ஒழுங்கையிலை ஆர்ப்பாட்டம் செய்யக்கூடாது. அஞ்சு நிமிசம் தாறன். விலகாட்டி ஏத்திக்கொண்டு போவன்.”

பதினொரு பேர் ஏழு பேரானார்கள். பிறகு நான்கு. பெக்கோ உறுமியது. பதாகையின் மறுமுனையைப் பிடித்திருந்தவரும் மெல்ல அதை நிலத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார். நவரட்ணம் வீதியில் உட்கார்ந்தார். இந்த வயதில் இன்னொரு விலா எலும்பு போனால் போகட்டும்.

அப்போதுதான் ஆர்மோனியச் சத்தம் கேட்டது.

சபை முழுவதும் பாடிக்கொண்டு வந்தது. பின்னால் இரண்டு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டி நிறையப் பூசணிக்காய், வாழைக்குலை, வெங்காயப் பிடி. தலையில் பிளாஸ்ரிக் கதிரையோடு நவமணி. வந்த வேகத்தில் ஒழுங்கையின் இந்தக் கரையில் இருந்து அந்தக் கரை வரை எல்லாவற்றையும் பரப்பினார்கள்.

“இது என்ன?” என்றார் பொறுப்பதிகாரி.

“அறுப்பின் பண்டிகை,” என்று போதகர் ஒரு கடிதத்தை நீட்டினார். “இடம், கிணற்றடி ஒழுங்கை. காலை ஏழு மணி முதல் பின்னேரம் ஏழு மணி வரை. ஒலிபெருக்கியும் சேர்த்து. உங்கடை கையெழுத்துத்தானே, ஐயா?”

பொறுப்பதிகாரி கையெழுத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு பெக்கோக்காரனிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார்.

நவரட்ணம் எழும்பினார். “ஆராதனையை விட்டிட்டு வர ஏலாது எண்டு சொன்னியள்?”

“விட்டிட்டு வரேல்லையே, அண்ணை. கொண்டு வந்திருக்கிறம்.”

அன்றைய பிரசங்கம் இரண்டே வரி. “இந்தக் கிணறு எங்கடை இல்லை. தந்தவர் ஒருநாள் வந்து, தண்ணி எப்பிடி எண்டு கேப்பார்.” காணிக்கையாக வந்த விளைச்சலின் ஏலம்தான் நீண்டது. ஒரு பூசணிக்காயைக் கூறி முடிக்க முக்கால் மணித்தியாலம் எடுத்தது. மத்தியானம் டிப்பர்ச் சாரதிகளும் இறங்கி வந்து, சபையோடு வரிசையில் நின்று சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். பின்னேரம் சங்கீதக் கதிரைப் போட்டியில் நவமணிக்கு முதலிடம்.

ஆறு மணி அடித்தது. அனுமதி செத்தது. பெக்கோ பின்பக்கமாகவே ஒழுங்கையை விட்டுப் போனது. அப்போது எழுந்த ஆரவாரம் கரவெட்டிச் சந்தி வரைக்கும் கேட்டிருக்கும்.

நவரட்ணம் போதகரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“முப்பது வருசமா எனக்கு ஒரு ஒலிபெருக்கிக்குக்கூட அனுமதி தராத பொலிஸ் ஐயா இது. உங்களுக்கு எப்பிடித் தந்தது?”

“எனக்கும் முதல்லை தரேல்லை. ‘நீங்கள் நவரட்ணத்தின்ரை ஆள்தானே’ எண்டு பொறுப்பதிகாரி கேட்டார். நான் ஒண்டும் கதைக்காமல் உங்கடை நோட்டீசை மேசையிலை வைச்சன். ரெண்டு பக்கமும் ஆறுதலா வாசிச்சார். ‘பாவம் ஐயா நீங்கள்’ எண்டு சொல்லி, என்ரை விண்ணப்பத்தை வாசிக்காமலே கையெழுத்து வைச்சிட்டார்.”



“என்னட்டை அண்டைக்கே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, ஐயா?”

“சொல்லியிருந்தால்,” என்றார் போதகர், “நீங்கள் அவ்வளவு நல்லா ஏசி எழுதியிருப்பியளே, அண்ணை?”