தேரைகளுக்காக ஒரு சொற்பொழிவு

தவளைகளுக்காக மேடையில் அழக்கூடிய ஒரே விஞ்ஞானி என்று பேராசிரியருக்குப் பெயர். எந்த வரியில் கண் கலங்க வேண்டும் என்று பேச்சுத் தாளின் ஓரத்திலேயே குறித்து வைத்திருப்பார்.

மலைமேல் இருக்கும் புல்வெளிக் குளத்தில் சாயத் தொழிற்சாலையின் கழிவு கலக்கிறது. அதனால் தேரைகளுக்குப் பயமே மரத்துப்போய்விட்டது. நிழல் விழுந்தாலும் குதிப்பதில்லை. இது அவர் கண்டுபிடிப்பு. இன்று ஆய்வுக்குழு வருகிறது. நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் தொழிற்சாலைக்குப் பூட்டு, இருநூறு பேருக்கு வேலை போகும், பேராசிரியருக்குப் புது ஆய்வுக்கூடம் வரும்.

"சார், மேனேஜர் விடிஞ்சும் விடியாததுமா குளத்துல முழங்கால் வரைக்கும் இறங்கி நிக்கிறார்!" ஆராய்ச்சி மாணவி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"நினைச்சேன். எங்கேயாவது நல்ல தேரையாப் பிடிச்சு வந்து விடப் பார்ப்பான், திருட்டுப்பய. அவனைத் துரத்திட்டு, நீ போய்க் குழுவைக் கூட்டிட்டு வாம்மா. அதுவரைக்கும் நானே காவல் இருக்கேன்."

குழுத் தலைவி வந்ததும் குடையை விரித்துக் கரையோரம் நிழல் விழச் செய்தார். சில்லென்ற மலைத் தண்ணீரில் கிடந்த முப்பது தேரைகளில் ஒன்றுகூட அசையவில்லை. பென்சிலால் குத்திப் பார்த்தார். அலுவலகத்தில் மனு கொடுத்தவனுக்குக் கிடைக்கும் மரியாதைதான் அவருக்கும் கிடைத்தது.

"மேடம், சுத்திகரிப்பு நிலையம் வச்சு ஒரு வருஷமாச்சு. நேத்துக்கூட எல்லாம் நல்லாக் குதிச்சுது!" மேனேஜர் கெஞ்சினார். "காலைல இறங்கித் தேடினேன், ஒண்ணையும் காணோம்..."

"இப்ப முப்பது இருக்கே? கண்ணை வீட்லயே வச்சிட்டு வந்தீங்களா?" என்றார் பேராசிரியர்.

தலைவி பேனா மூடியைக் கழற்றினார். பேராசிரியர் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எதிரே நாலு பேர் நின்றால் போதும், அவருக்கு அது மேடை. தேரையின் மௌனத்தில் தொடங்கி மனிதகுலத்தின் மனசாட்சிக்கு வந்து சேர்வதற்குள் தொண்டை கட்டிக்கொண்டது. யாரையும் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி, "தண்ணி" என்றார்.

தோற்றாலும் மரியாதை தெரிந்த மேனேஜர், ஓடிப்போய் பேராசிரியரின் ஜீப்பில் இருந்த ஐஸ் பெட்டியைத் தூக்கிவந்து வெயிலில் வைத்துத் திறந்தார்.

நேற்று மாலை பேராசிரியர் குளத்திலிருந்து பிடித்து விறைக்க வைத்ததில், திரும்பக் கொண்டுபோய் விட நேரமில்லாமல் தங்கிவிட்ட பத்துத் தேரைகள், சூடு ஏற ஏற ஒவ்வொன்றாக வெளியே குதித்தன.