மூணாவது பெட்டி

“இந்த வீட்டைவிட்டுப் போனவங்க ஒருத்தரும் திரும்ப உள்ள நுழையக் கூடாது. வெளங்குதா?” என்றார் திருமலைச்சாமி.

வைஃபை பாஸ்வேர்டைத்தான் சொல்கிறார் என்று ஜெயமுருகன் எடுத்துக்கொண்டான். வீடு முழுக்க வைஃபையைப் பரப்பும் மூன்று மெஷ் பெட்டிகளோடு கொடைக்கானலிலிருந்து பூம்பாறைக்கு வந்தவன் அவன். குடும்ப விவகாரத்துக்கெல்லாம் ஒயர் இழுக்கத் தெரியாது.

“மாத்திரலாம்ங்க. புது பாஸ்வேர்டு போட்டுட்டா பழைய போனு ஒண்ணுகூட ஒட்டாது.”

“இது நாம பேசுறதை ஒட்டுக் கேக்குமாமே?”

“பேச்சைக் கேக்காதுங்க. ஆனா யாரு போனு எப்ப வந்துச்சு, எப்பப் போச்சு, எந்த ரூம்ல கெடக்கு, எல்லாம் ஆப்ல தெரிஞ்சிரும். அது ஒண்ணுதான் யோசிக்க வேண்டியது.”

“கேட்டாத்தான் என்ன கெடைக்கப் போகுது?” அடுப்படியிலிருந்து அவர் மனைவி அன்னக்கொடியின் குரல் வந்தது. “இந்த வீட்டுல பேச்சு நின்னு ரெண்டு வருசமாச்சு.”

திருமலைச்சாமி காதில் விழாததுபோல் கூரையைப் பார்த்தார்.

முதல் பெட்டி கூடத்துக்கு. இரண்டாவது, பூண்டுக் கட்டுகள் தொங்கும் மாடிக்கு. மூன்றாவதைப் படுக்கையறைக்கு எடுத்தபோது அவர் தடுத்தார்.

“அது வெளிய. கேட்டுத் தூணுல.”

“வெளிய யாருங்க நெட்டு பாக்கப்போறா?”

“பூண்டுக் களவாணிக்குக் கேமரா வைக்கணும். ஏலே, உன் சோலியப் பாரு.”

ஏணி எடுக்க அவர் பின்பக்கம் போனதும், டீயோடு வந்தாள் அன்னக்கொடி.

“தம்பி, வைஃபையோட பழைய பேரும் பாஸ்வேர்டும் அப்படியே இருக்கட்டும். மாத்திட்டேன்னு அவருகிட்ட ஒரு பொய் சொல்லிரு.”

“எதுக்கும்மா?”

அவள் தன் போனை நீட்டினாள். “எம் மக ரம்யா போட்டுக் குடுத்த ஆப்பு இது. மனசுக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டு கவுஞ்சிக்குப் போயிட்டா. பேசக் கூடாதுன்னு இவரு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. கொடைக்கானல்ல வேலை முடிஞ்சு அஞ்சரை பஸ்ஸுல இந்த வழியாத்தான் போவா. வாசலைத் தாண்டுறப்ப அவ போனு தானா வந்து ஒட்டும். பேருக்கு நேரா ஒரு பச்சைப் புள்ளி எரியும். கண்ணு மூடித் தொறக்கிற நேரந்தான்.”

“கேட்டுல நின்னு பாத்துக்கலாமேம்மா?”

“அந்நேரத்துக்கு அவருல்ல போய் நின்னுக்கிறாரு, காவக்காரன் மாதிரி! என்னைப் படி எறங்க விடமாட்டாரு. அந்தப் புள்ளியும் போச்சுன்னா…” மீதியை அவள் முந்தானைக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஊரெல்லாம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிப் பிரசங்கம் செய்கிறவன் ஜெயமுருகன். அன்று முதல்முறையாக மாற்றாமல் விட்டான். புதுப் பெட்டிகளுக்கான ஆப்பையும் அவள் போனில் ஏற்றிக் கொடுத்தான்.

ஐந்தேகாலுக்குக் கேட்டுத் தூணில் ஏறி, மூன்றாவது பெட்டியை மாட்டினான். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார் திருமலைச்சாமி.

“நெசமாவே மாத்திட்டியா?”

“மாத்தியாச்சுங்க. இனி பழைய போனு ஒண்ணும் ஒட்டாது.”

ஏணி லேசாக ஆடியது. வயசானவர், கை வலிக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அவர் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார். புது பாஸ்வேர்டு எதையும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் திரையின் மேலே வைஃபை கோடுகள் தாமாகவே நிரம்பி நின்றன.

பிடிபட்டுவிட்டோம். இறங்குவதா, தூணிலேயே குடியிருந்துவிடுவதா என்று ஜெயமுருகனுக்குப் புரியவில்லை.

திருமலைச்சாமி அந்தக் கோடுகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த சாலை வளைவைப் பார்த்தார். அடுப்படிக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“பெட்டிய பஸ் ஸ்டாப்பைப் பாக்கத் திருப்புப்பா. அங்கன்னா பஸ்ஸு ரெண்டு நிமிசம் நிக்கும்.”