ஒரு சொட்டு ஈரம்

ராஜினாமாக் கடிதம் இரண்டு பிரதி. அவளுடைய பிரதியில், கையெழுத்துக்குப் பக்கத்தில், ஒரு சொட்டு ஈரம் இருந்தது. அதைப் பார்த்ததும் துறைத்தலைவருக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

"அழுதியாம்மா?"

"கையெழுத்துப் போடறப்போ விழுந்துடுச்சு சார்" என்றாள் ஆராய்ச்சிக்காரி.

ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் எக்ஸ்ரே. சொந்த நிழல் பின்னால் வந்தால்கூட நின்று திரும்பி, அடையாள அட்டை கேட்கிற மனுஷர்.

இன்றைக்குக் காரணமும் இருந்தது. நாலு வருஷம் பாடுபட்டு அவள் ஒரு பிளாஸ்மிட் கட்டியிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத டி.என்.ஏ. வளையம் அது. விலங்குச் செல்லுக்குள் விட்டால் செல் பச்சையாக ஒளிரும். உள்ளே எந்த மரபணு விழித்திருக்கிறது என்பதை அந்தப் பச்சை காட்டிக்கொடுத்துவிடும்.

"ஒரே ஒரு டியூப் குடுங்க சார். இல்லேன்னா புது எடத்துல இன்னும் நாலு வருஷம் முதல்லேருந்து மாரடிக்கணும்."

"இங்க பொறந்தது இங்கதான் இருக்கும்."

"போன மாசம் உங்க மாப்பிள்ளையோட லேபுக்கு மட்டும் இதையே கவர்ல வெச்சுத் தபால்ல அனுப்பினீங்களே?"

"மாப்பிள்ளை வேற, நீ வேற."

ஃப்ரீசரைத் திறந்து எண்ணினார். பன்னிரண்டு டியூபும் இருந்தன. அதில் அவருக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

செக்யூரிட்டி அம்மா கைப்பையைக் கொட்டினாள். பேனாவைக் கழற்றினாள். தண்ணீர் பாட்டிலை எக்ஸ்ரேயே வாங்கித் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, காலியாகத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் என்ன சார், பல்ல எண்ணணுமா?" என்றாள் செக்யூரிட்டி அம்மா.

"கொண்டைய அவுக்கச் சொல்லு."

அவிழ்த்தாள். இரண்டு ஊசிதான் விழுந்தது.

"என் பிரதியில 'பெற்றுக்கொண்டேன்'னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா கிளம்பிடுவேன் சார்."

போட்டார். முத்திரையை ஈரத்தில் படாமல் தள்ளிக் குத்தினார். அவள் தாளை மடிக்கப் போனாள்.

"இரும்மா, காயட்டும்." அவரே இரண்டு தடவை ஊதிக் காயவைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாசல்வரை வந்து கொடுத்தார். என்ன இருந்தாலும் நாலு வருஷம் உழைத்த பெண் அல்லவா!

மூன்று வாரம் கழித்து அவளே போன் செய்தாள்.

"எப்படிம்மா இருக்கே? முதல்லேருந்து ஆரம்பிச்சுட்டியா?"

"இல்ல சார். நீங்க ஊதிக் காயவெச்ச சொட்டத்தான் தாளோட வெட்டி, ஊறவெச்சு, செல்லுக்குள்ள விட்டேன். செல்லெல்லாம் ஒரே பச்சை!"