சித்திரைக்கு ஒரு பனி ஊர்

"எங்கப்பா இந்தத் தோட்டத்துல எத்தனை வருசமா இருக்காருன்னு நீங்க எழுதித் தரணும். இன்னிக்கே தரணும்."

இதை மட்டும் துரையிடம் கேட்டுவிடாதே என்று அப்பா சடையன் மூன்று நாளாகத் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். இராக்கம்மா கேட்டேவிட்டாள். அதுவும் பங்களாவின் முன்வாசல் வழியாக நுழைந்து, இங்கிலீஷில்.

பெரியதுரைக்குக் கோபம் வரவில்லை. அவர் வேறு கவலையில் இருந்தார். மேசை முழுக்கப் பனிமலைப் படங்களைப் பரப்பிவைத்து, துரையும் துரைசாணியும் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு மாத லீவில் சீமைக்குப் போகிறார்கள். போகிற வழியில், பனியில் சறுக்கி விளையாட ஒரு ஊர் வேண்டும். கப்பல் போய்ச் சேர்வதற்குள் சித்திரை பிறந்துவிடும். சறுக்குகிற பருவம் முடிகிற நேரம் அது. இருவருமே இதற்கு முன் சறுக்கியவர்கள் இல்லை.

"சடையன் மகளா? பீ.ஏ. பாஸ் பண்ணின புள்ளையா?" என்றார் துரை, தோட்டத் தமிழில். அவள் எந்தப் பாஷையில் கேட்டாலும் அவர் பதில் அந்தத் தமிழில்தான் வரும். "ஒங்கப்பன் நல்ல ஆள். எழுதித் தாறேன்."

குசினியிலிருந்து தேநீர்த் தட்டோடு வந்த சடையன் கோப்பைகளை மேசையோரத்தில் இறக்கிவைத்தார்.

மலையில் வேலை செய்கிறவர்கள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கிறார்கள். பேர் செக்ரோல் புத்தகத்தில் ஏறுகிறது. வந்த வருசம், வேலை செய்த நாள் எல்லாம் அதில் கிடக்கும். பங்களா சமையல்காரனின் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அடுத்த புதன்கிழமை பதுளையில் பிரஜாவுரிமை விசாரணை. சடையன் இந்த நாட்டில்தான் வாழ்ந்தார் என்பதற்குத் துரையின் கடிதத்தை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

துரை மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. நின்றபடியே படித்தாள்.

'சடையன் இருபத்திரண்டு வருடமாக இந்தப் பங்களாவில் விசுவாசமாக வேலை செய்கிறான். நாற்பத்தேழில் தாயைப் பார்க்கத் தன் சொந்த நாட்டுக்குப் போனவன், பதின்மூன்று மாதம் கழித்து, சொன்ன சொல் தவறாமல் திரும்பி வந்தான்.'

"அந்தக் கடைசி வரியை எடுத்திருங்க, சேர்."

"ஏன்? அதுதானே நல்ல வரி."

"ஒரே தடவையில பன்னிரண்டு மாசத்துக்கு மேல வெளிய இருந்துட்டா, அதுக்கு முந்தி இங்க இருந்ததெல்லாம் செல்லாது. சட்டம் அப்பிடி. இந்த வரியைப் பார்த்தாங்கன்னா அப்பாவை இந்த நாட்டு ஆளே இல்லைன்னு தள்ளிருவாங்க."

"உள்ளதை மறைச்சு நான் கையெழுத்துப் போடுறதில்ல."

"யுத்தத்துக்குப் போறேன்னு நீங்களும் நாலு வருசம் இங்க இல்ல, சேர்."

"அது வேற." துரை பேனாவை மூடினார். "அவனுக்குத்தான் போக ஒரு நாடு இருக்கே. போகட்டுமே."

சடையன் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போதும் புள்ள என்று கண்ணாலேயே கெஞ்சினார். அவர் போய்வந்த அந்த நாட்டில் பாட்டியைப் புதைத்த குழி ஒன்றுதான் இருக்கிறது. அதைத் துரையிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. இராக்கம்மா கடிதத்தை நான்காக மடித்தாள்.

இந்தப் பேச்செல்லாம் துரைசாணிக்கு அலுத்துவிட்டது. "இவள் பேராதனையில் பூமிசாஸ்திரம் படித்தவள் என்று சடையன் சொன்னானே. இவளையே கேட்டால் என்ன?"

துரை இப்போது இங்கிலீஷுக்கு மாறினார். "அதுவும் சரிதான். மிஸ், இந்த ரெண்டுல எது? நீ சொல்றதுதான் தீர்ப்பு."

ஒரு படத்தில் மரமே இல்லாத மொட்டை மலை, அதன் தோளில் தனியாக ஒரு கல் ஓட்டல். அடியில் பொடி எழுத்தில் எட்டாயிரத்து முந்நூறு அடி என்று இருந்தது. மற்றதில் கூர்க்கோபுரம் வைத்த மாதாகோயில், மரவீடுகள், வாசல்படி வரைக்கும் வெள்ளைவெளேரென்று பனி. ஜனவரியில் எடுத்த படம். மூவாயிரத்து இருநூறு அடி. நம் பண்டாரவளையைவிடத் தாழ்வு.

இராக்கம்மா இரண்டையும் நிதானமாகப் பார்த்தாள். இவள் படங்களைக் கிழித்து முகத்தில் எறியப்போகிறாள் என்றுதான் சடையன் நினைத்தார். அவளோ சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒரு தடவைதான்.

"இதுதான், சேர்," என்று கோயில் ஊரின்மேல் விரலை வைத்தாள். "படத்தைப் பார்த்தாலே தெரியுதே. மேடத்துக்கு மலையேறுற கஷ்டமும் இல்ல."

"நான் முதல்லயே சொன்னேனே," என்றாள் துரைசாணி.

துரை உடனே தந்திப் படிவத்தை எடுத்து அந்த ஊர்ப் பேரை எழுதினார். "சடையன், ஒன் மகளுக்கும் டீ குடு."

"வேணாம்," என்றுவிட்டு, வந்த முன்வாசல் வழியாகவே இறங்கி நடந்தாள்.

சடையன் குசினிக் கதவால் வெளியே வந்து, பங்களாவைச் சுற்றி ஓடி, றோட்டு முடக்கில் அவளை எட்டிப் பிடித்தார்.

"உசுரே போயிருச்சு புள்ள. நல்ல வேளை, கடைசியில தணிஞ்சு பேசுன. அவரு பொய் சொல்லாத மனுசன். உள்ளதைத்தான எழுதியிருக்காரு?"

"ஆமாப்பா. அவரு எழுதுனதுல ஒரு பொய் இல்ல."

அவள் நடையைக் குறைக்கவில்லை.

"பொய் சொன்னது நாந்தான். சித்திரையில அந்த ஊருல பனி இருக்காது."