தம்ளர்களைப் பிடிக்கும் கை

சமையலறை ஜன்னலோரம் சத்தம் அளக்கும் கருவி மூன்று காலில் நிற்கிறது. ரயில் போகும்போது இந்த வீட்டில் எழுபத்தெட்டு டெசிபல் இருக்கும் என்று பொறியாளரின் மடிக்கணினி முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. சற்றுமுன் போன ரயிலுக்குக் கருவியும் அதையேதான் காட்டியது. உருளைக்கிழங்கு நறுக்கும் வீட்டுக்கார அக்கா மட்டும் ஒத்துக்கொள்வதாயில்லை. "சத்தமா? இங்கயா? தொந்தரவு இல்லைன்னே எழுதிக்கோம்மா." பொறியாளர் படிவத்தைப் புரட்டுகிறாள். "அப்படி எழுதினா உங்க தெருவுக்குச் சத்தத் தடுப்புச் சுவர் வராதுக்கா." "வராட்டி போகுது. என் பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனதுல இருந்து…" பேச்சு பாதியில் நிற்கிறது. வலது கை கத்தியைக் கீழே வைக்கிறது. அக்காவின் இடது கை தானாகப் போய் அலமாரித் தம்ளர்களைச் சேர்த்து அணைத்துப் பிடிக்கிறது. கருவியில் நாற்பத்தொன்று, அசையவே இல்லை. வெளியே மஞ்சள் வெயிலில் தண்டவாளம் வெறுமனே கிடக்கிறது. பொறியாளருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என்னக்கா என்று கேட்க வாயெடுக்கும்போதுதான் ரயில் வருகிறது. சுவர் நடுங்குகிறது, எண் எழுபத்தெட்டுக்குத் தாவுகிறது. கடைசிப் பெட்டி கடந்ததும் இடது கை தம்ளர்களை விட, வலது கை கத்தியை எடுக்கிறது. "…ஒரு ராத்திரிகூட இங்க தங்க மாட்டேங்கிறா. வந்த அன்னிக்கே கிளம்பிடுறா," என்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள் அக்கா. "என்ன கோவமோ, எனக்குப் புரியவே மாட்டேங்குதும்மா."