ஆடிக்கு முறை எழுதவில்லை

காற்றாலைகளுக்கு நடுவே, அவற்றின் மின்சாரத்திலேயே இயங்கிய அந்த மருத்துவமனையில் ஐந்து டயாலிசிஸ் இயந்திரங்கள் உண்டு. எத்தனை ஓடலாம் என்பதைக் காலையில் வரும் காற்றுக் கணிப்புதான் சொல்லும். ஒன்று குறைந்தால் அன்றைக்கு யார் விட்டுக்கொடுப்பது என்று நோயாளிகளே முறை எழுதி வைத்திருந்தார்கள். ஆடியில் காற்று ஏமாற்றாது என்பதால் அந்த மாதத்துக்கு மட்டும் எழுதவில்லை.

ஆடி மூன்றாம் தேதி நர்ஸ் பேச்சித்தாய் கைபேசியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

“என்ன தாயி, காத்து கோவிச்சிட்டோ?” என்று சிரித்தபடி உள்ளே வந்தார் சுடலைமணி.

“நாலுதான் அண்ணாச்சி.”

அவர் சிரிப்பு நின்றது. ஆனிக் கடைசியில் விட்டுக்கொடுத்தவர் அவர்தான். கால்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. இன்னொரு தடவை தாங்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

“போன மட்டம் நாந்தான விட்டுக்குடுத்தேன்?” என்றார்.

மற்ற நால்வரும் அதற்குள் கட்டில்களில் ஏறிப் படுத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஓர் இறக்கையும் அசையவில்லை.

“அண்ணாச்சி நல்லாத்தான இருக்காவ. சிரிச்சிக்கிட்டுல்லா வந்தாவ” என்றாள் முதல் கட்டிலில் கிடந்த மரகதம், அவர் முகத்தைப் பார்க்காமல், ஊசிக்குக் கையை நீட்டியபடி.